ஒற்றை அணுப் பெட்டியும் ஓர் அருவியும்

துறையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கைகளே,

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்தவன் பேச ஆரம்பித்தால், நீங்கள் நாற்காலியை மெல்லப் பின்னுக்கு இழுப்பீர்கள் என்று தெரியும். பயப்படாதீர்கள். புத்தி சொல்லும் அளவுக்கு என்னிடம் சரக்கு இல்லை. நான் இத்தனை வருட வேலையில் சேர்த்துவைத்தது பதற்றம் ஒன்றுதான். அதில் கொஞ்சம் உங்களுக்குப் பங்கு பிரித்துக் கொடுக்கலாம் என்று பார்க்கிறேன்.

நம்முடைய தொழிலுக்குக் கணினிவழித் திண்மநிலை இயற்பியல் என்று பெயர். கள்ளக்குறிச்சியில் இந்தப் பெயரைச் சொல்லி வீடு வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள், தெரியும். நான் குடிவந்த புதிதில் பக்கத்து வீட்டுக்காரர் விவரமாக விசாரித்தார். படிகங்களுக்குள் அணுக்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன, அதில் மின்சாரம் ஓடுமா ஓடாதா என்பதையெல்லாம் கல்லை உடைக்காமல் கணினியிலேயே கண்டுபிடிப்போம் என்று பெருமையாகச் சொன்னேன். மறுநாள் காலையில் கதவைத் தட்டினார்.

"சார், கம்ப்யூட்டர்லயே கல்லு உள்ளார பாக்குறீங்களாமே. நம்ம கொல்லில எங்க போர் போட்டா தண்ணி வரும்னு பாத்து சொல்லுங்களேன்."

"அந்தக் கல்லு வேற, இந்தக் கல்லு வேறங்க."

"தண்ணி தெரியாதா?"

"தெரியாதுங்க."

"அப்ப இன்னாத்துக்கு சார் அது?"

இந்தக் கேள்விக்கு நான் இன்றுவரை பல ஆய்வுத்திட்டங்களில் பக்கம் பக்கமாகப் பதில் எழுதியிருக்கிறேன். அவரிடம் சொல்ல ஒரு வரி கிடைக்கவில்லை.

சரி, பதற்றத்துக்கு வருவோம். ஆய்வு மாணவனாக இருந்தபோது ஒருநாள் என் கணக்கில் ஒரு படிகம் பாதிக்குப் பாதி சுருங்கிப்போனது. உலகத்திலேயே அடர்த்தியான பொருளைக் கண்டுபிடித்துவிட்டேன் என்று வழிகாட்டியைத் தேடி ஓடினேன். அவர் கல்லூரி வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்கூட்டரைச் சாய்த்துப் போட்டு உதைத்துக்கொண்டிருந்தார். நான் மூச்சுவாங்கச் சொல்லி முடிக்கும்வரை உதைப்பதை நிறுத்தவில்லை.

"கீபோர்டுலேருந்து கைய எடுத்தியா?" என்றார்.

"சார்?"

"தப்பான நம்பர் வந்தா மொதல்ல கைய எடு. அது என்ன சொல்லுதுன்னு அப்புறம் பாக்கலாம். நீ என்ன கேட்டேன்னு பாரு."

போய்ப் பார்த்தேன். நீளத்தை ஓர் அலகில் கேட்கும் நிரலுக்கு வேறோர் அலகில் எண்ணைக் கொடுத்திருக்கிறேன். அங்குலத்தில் தைக்க வேண்டிய சட்டையைச் சென்டிமீட்டரில் தைத்தால் பொம்மைக்குத்தான் போடலாம். திரும்பி வந்து சொன்னபோது அவர் ஸ்கூட்டர் கிளம்பியிருந்தது. "ஏறு, டீ குடிக்கலாம்" என்றார். அவ்வளவுதான் அவருடைய கண்டிப்பு.

"நீ என்ன கேட்டேன்னு பாரு." இதை நான் என் மாணவர்கள் எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். நான் கடைப்பிடித்தேனா என்று கேட்கிறீர்களா? அதற்குத்தான் எஸ்தரின் வைவா, அந்த வாய்மொழித் தேர்வின் கதையைச் சொல்லப்போகிறேன்.

எஸ்தர் என்னுடைய கடைசி ஆய்வு மாணவி. களமருதூர்ப் பெண். அப்பா நெல் விவசாயி, அம்மா எந்த விஷயத்துக்கும் முதலில் ஜெபம் பண்ணிவிட்டு அப்புறம் விசாரிப்பவர். மாங்கனீசு கலந்த ஓர் ஆக்சைடு சூரிய ஒளியை நன்றாக உறிஞ்சும் குறைகடத்தி என்று கணக்கிட்டுக் காட்டியிருந்தாள். ஆய்வேட்டின் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அதுதான், ஆய்வேட்டின் உயிரும் அதுதான். ஜெர்மனியில் ஓர் ஆய்வுக்கூடம் அவளுக்கு இடம் தருவதாகச் சொல்லியிருந்தது. மாதம் முடிவதற்குள் பட்டம் உறுதியான சான்றிதழைக் காட்ட வேண்டும். வைவாவில் "திருத்தி எழுதிக் கொண்டுவா" என்று தேர்வாளர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் ஜெர்மனி போச்சு.

வைவா அன்று விடியற்காலையில் எழுந்தேன். பேசாமல் சட்டைக்கு இஸ்திரி போட்டிருக்கலாம். எனக்குக் கை அரித்தது. மூன்றாம் அத்தியாயக் கணக்கைச் சும்மா ஒரு தடவை ஓட்டிப் பார்ப்போமே என்று மடிக்கணினியைத் திறந்தேன். துறையின் பெரிய கணினியில் ஓடிய கணக்கு அது, மடிக்கணினியின் நினைவகத்துக்குள் அடங்கவில்லை. அதனால் கணக்கைக் கொஞ்சம் சின்னதாக்கினேன். "கொஞ்சம் சின்னதாக்கினேன்" என்பதை இப்போதைக்கு ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

காபி வருவதற்குள் விடை வந்தது. கேப் இல்லை.

புதியவர்களுக்காகச் சொல்கிறேன். குறைகடத்தியில் எலக்ட்ரான்கள் தாண்ட வேண்டிய ஓர் இடைவெளி உண்டு. அதைத்தான் நாம் செல்லமாக கேப் என்கிறோம். அது இருந்தால் சூரிய ஒளியை வைத்து வேலை வாங்கலாம். அது இல்லாவிட்டால் பொருள் வெறும் உலோகம், சோலார் தகட்டுக்கு லாயக்கில்லை. எஸ்தரின் ஆக்சைடு என் மேசைமேல் உலோகமாகி உட்கார்ந்திருந்தது.

என் மனைவி டம்ளரை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னாங்க, மூஞ்சி வெளுத்துப் போயிக்கீது?"

"எஸ்தர் தீசிஸ் போச்சு."

"தொலைச்சிட்டீங்களா?"

"தொலைக்கல. தப்பு."

"இன்னிக்கு வைவா வச்சிகினு இன்னிக்கா பாப்பீங்க? மொதல்ல காப்பிய குடிங்க. தேர்வாளரைக் கூட்டினு வரப் போகணும்னு சொன்னீங்களே."

கையை எடு, நீ என்ன கேட்டாய் என்று பார். வழிகாட்டி சொன்ன அந்த இரண்டு வாக்கியங்களும் அந்த நேரத்தில் மண்டையில் எந்த மூலையில் ஒளிந்திருந்தன என்று தெரியவில்லை. நான் எஸ்தருக்கு ஒரு செய்தி அனுப்பினேன்: "அவசரம். மூன்றாம் அத்தியாயம். கேப் இல்லை. உலோகம். யாரிடமும் சொல்லாதே." பட்டம் வாங்கப்போகிற பெண்ணுக்குக் காலையில் அனுப்ப இதைவிட நல்ல வாழ்த்து உண்டா?

அனுப்பிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு உளுந்தூர்பேட்டைக்குக் கிளம்பினேன்.

புறத்தேர்வாளர் திருச்சிப் பக்கத்திலிருந்து பேருந்தில் வந்து உளுந்தூர்பேட்டையில் இறங்குவதாக ஏற்பாடு. மேடம் நம் துறையில் பெரிய ஆள். அவர் வைவா எடுக்க வருகிறார் என்றால் மாணவர்களைவிட வழிகாட்டிகளுக்குத்தான் தூக்கம் போகும். பெரிய உருவமாக இருப்பார் என்று நினைத்திருந்தேன். பேருந்திலிருந்து ஒரு சின்ன அம்மாள், தோளில் ஒரு துணிப்பையும் கையில் ஒரு பெட்டியுமாக இறங்கினார்.

"இந்தப் பக்கம் இட்லி நல்லா இருக்குமாமே" என்பது அவர் பேசிய முதல் வார்த்தை.

ஓட்டலில் உட்கார்ந்தோம். அவர் இட்லியைச் சட்னியில் தோய்த்து நிதானமாகச் சாப்பிட்டார். நான் காபியில் சாம்பாரை ஊற்றிவிட்டேன். "சாம்பார் காபி பழக்கமா?" என்றார். "அப்பப்போ மேடம்" என்று சொல்லி, வேறு வழியில்லாமல் இரண்டு வாய் குடித்தேன்.

வெளியே வந்ததும் அவர் பெட்டியை வாங்கிக் காரின் பின்னால் வைத்தேன். உள்ளே இருந்து ஒரு குழந்தை அழுதது. வெள்ளைக் கார்கள் எல்லாம் ஒரே மாதிரி இருப்பது என் குற்றமா? அந்தக் குழந்தையின் அப்பா பெட்டியை எடுத்துக் கீழே வைத்து, "அண்ணே, உங்க வண்டி அந்தப் பக்கம்" என்று மரியாதையாகத்தான் சொன்னார். மேடம் அடையாளம் தெரியும்படி என் காருக்குள் நானே போய் உட்காரும்வரை காத்திருந்து, அப்புறம் ஏறினார்.

எலவனாசூர்கோட்டை தாண்டியதும் நான் பேச ஆரம்பித்தேன். கரும்பு பற்றி, மக்காச்சோளம் பற்றி, மரவள்ளி பற்றி, எனக்கு எதுவுமே தெரியாத எல்லாவற்றையும் பற்றி. என் திட்டம் எளிது: மேடம் மூன்றாம் அத்தியாயம் பற்றிக் கேட்பதற்கு இடமே கொடுக்கக் கூடாது. பேச்சு தீர்ந்துபோனபோது எனக்கு இன்னொரு யோசனை வந்தது. இன்றைக்கும் அதை நினைத்தால் காது சூடாகிறது.

"மேடம், கல்வராயன் மலை பக்கத்துலதான். அருமையான அருவி ஒண்ணு இருக்கு. ஒரு நடை போய்ப் பாத்துட்டு வந்துடலாமா?"

"வைவா காலையிலதானே?"

"அதெல்லாம் நடக்கும் மேடம். அருவி போனா வராது."

"அருவி எங்க சார் போகும்?"

அப்போதுதான் எஸ்தர் கூப்பிட்டாள்.

என் காரில் கைப்பேசியைக் காரின் ஒலிபெருக்கியோடு இணைத்துவைத்தது என் மகன். இணைப்பைத் துண்டிப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்கவில்லை. நான் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினேன். அது எடுக்கும் பொத்தான்.

"சார்!" எஸ்தரின் குரல் நான்கு மூலையிலிருந்தும் வந்தது. "மெசேஜ பாத்துட்டு கை காலே ஓடல சார். எங்கம்மா வேன்லயே ஜெபம் பண்ண ஆரம்பிச்சிட்டாங்க. எங்க அப்பா வேற, எதுக்கு ஜெபம், எதுக்கு ஜெபம்னு கேட்டுகினே வராரு. நான் இன்னான்னு சொல்ட்டும்?"

"எஸ்தர், அப்புறம் பேசறேன்" என்று இன்னொரு பொத்தானை அமுக்கினேன். சத்தம் கூடியது.

"ஒரே ஒரு கேள்வி சார். பெட்டியில எத்தன மாங்கனீசு வச்சி ஓட்டுனீங்க?"

பக்கத்தில் மேடம் ஜன்னல் வழியே கரும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு" என்றேன்.

"ஒண்ணா?" எஸ்தர் சிரித்தாள் பாருங்கள், கார் கண்ணாடி அதிர்ந்தது. "ஒண்ண வச்சிகினு எப்டி சார் மாறி மாறி நிக்கும்? உலோகந்தான் வரும்!"

விளக்கிவிடுகிறேன். அந்த ஆக்சைடில் ஒவ்வொரு மாங்கனீசு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். ஒன்று மேலே பார்த்தால் அடுத்தது கீழே பார்க்கும். அப்படி மாறி மாறி நிற்பதால்தான் கேப் வருகிறது. நம் கணினி முழுப் படிகத்தையும் கணக்கிடுவதில்லை. ஒரு சின்னப் பெட்டியை எடுத்து, அதையே எல்லாப் பக்கமும் திரும்பத் திரும்ப அடுக்கிக்கொள்ளும். பெட்டியில் இரண்டு மாங்கனீசு இருந்தால் ஒன்று மேலே, ஒன்று கீழே. நான் மடிக்கணினிக்கு அடங்கட்டும் என்று பெட்டியைப் பாதியாக வெட்டி ஒன்றே ஒன்றை வைத்திருந்தேன். ஒரே ஆளின் படத்தை ஊர் முழுக்க ஃப்ளெக்ஸ் அடித்துக் கட்டிவிட்டு, இந்த ஊரில் எல்லாரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள் என்று முடிவுகட்டுவது மாதிரி. கணினி பாவம் என்ன செய்யும்? கேட்டதற்குப் பதில் சொன்னது.

"சார், இருக்கீங்களா? மேடம் வந்துட்டாங்களா சார்? ரொம்ப கடுசாமே அவங்க?"

"வந்துட்டேம்மா" என்றார் மேடம்.

இணைப்பு தானாகவே அறுந்தது. எஸ்தர் கைப்பேசியைக் கீழே போட்டிருப்பாள் என்று நினைக்கிறேன்.

"வண்டிய ஓரமா நிறுத்துங்க" என்றார் மேடம்.

ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினேன். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை.

"ஒத்த அணுவ வச்சுப் பாத்தது உங்க அவசரம். அத விடுங்க. ஆனா மூணாம் அத்தியாயத்துல எனக்கும் ஒரு சந்தேகம் இருக்கு. மேல கீழ மாறி நிக்கறதுல பல விதம் உண்டு இல்லையா? அடுக்கு அடுக்கா மாறலாம், வரிசை வரிசையா மாறலாம். தீசிஸ்ல ஒரே ஒரு விதந்தான் இருக்கு. மத்ததப் பாக்காமயே இதுதான் நிலையானதுன்னு எப்படி எழுதினா? பதில் இல்லன்னா திருத்தி எழுதச் சொல்லிட்டுத்தான் போவேன்."

எஸ்தர் மற்ற விதங்களையும் பார்த்திருந்தாள். எல்லாவற்றையும் கணக்கிட்டு, ஒரு பின்னிணைப்பே எழுதியிருந்தாள். ஆய்வேடு தலையணை மாதிரி இருக்கிறது, அதை எடுத்துவிடு என்று சொன்னவன் நான்.

"மேடம், அவ பாத்திருக்கா. நான்தான்..."

"நீங்க சொல்லி நான் எழுதிக்க முடியாது. அவ சொல்லணும்." கையை நீட்டினார். "ஃபோனக் குடுங்க."

"எதுக்கு மேடம்?"

"காலேஜ் போறதுக்குள்ள அவளுக்கு மெசேஜ் அனுப்புவீங்க. உங்கள ஓட்டல்லேருந்து பாத்துக்கிட்டுத்தானே வர்றேன்."

என் கைப்பேசி அவருடைய துணிப்பைக்குள் போனது. தியாகதுருகத்திலிருந்து கல்லூரி வாசல்வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை பட்டது பொய்ப் பதற்றம், தம்பிகளே. நிஜப் பதற்றத்தில் பேச்சு வராது.

கல்லூரி வாசலில் ஆளுயர ஃப்ளெக்ஸ். எஸ்தர் பட்டமளிப்பு அங்கியில் சிரித்துக்கொண்டிருந்தாள். "எங்கள் குடும்பத்தின் முதல் முனைவர்" என்று பெரிய எழுத்து. கீழே மாமன் சித்தப்பா எல்லாருடைய முகமும் வட்ட வட்டமாக. மேடம் கார்க் கண்ணாடியை இறக்கி நிதானமாகப் படித்தார். "முடிவு வந்துடுச்சு போலிருக்கே" என்றார். மரத்தடியில் பிரியாணி அண்டா இறங்கிக்கொண்டிருந்தது.

வைவாவில் வழிகாட்டி வாய் திறக்கக் கூடாது என்பது வழக்கம். தேர்வாளருக்குப் பக்கத்தில் பொம்மை மாதிரி உட்கார வேண்டும். எஸ்தர் பேசினாள், நன்றாகவே பேசினாள். மூன்றாம் அத்தியாயம் வந்தது, போனது. மற்ற விதங்கள் பற்றி ஒரு சொல் இல்லை. நான் இருமினேன். புருவத்தைத் தூக்கினேன். விரல்களை மேலே கீழே ஆட்டிக்காட்டினேன். பின்வரிசையில் இருந்த அவள் சித்தப்பா எனக்கு ஏதோ உடம்பு சரியில்லை என்று தண்ணீர் பாட்டில் கொடுத்தனுப்பினார்.

எஸ்தர் நன்றி சொல்லி முடித்தாள். கைதட்டல் ஓய்ந்ததும் மேடம் பேனாவைத் திறந்து, புளியமரத்தடியில் கேட்ட கேள்வியை அப்படியே கேட்டார்.

எஸ்தர் என்னைப் பார்த்தாள். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"மேடம், நன்றி ஸ்லைடுக்குப் பின்னால ஒண்ணு வச்சிருக்கேன்" என்றாள் எஸ்தர்.

திரையில் ஒரு பெட்டி வந்தது. அதற்குள் தன்னந்தனியாக ஒரு மாங்கனீசு. மேலே தலைப்பு: "இன்று காலை சார் செய்த கணக்கு."

அரங்கம் சிரித்தது. ஆய்வு மாணவர்கள் மேசையைத் தட்டிச் சிரித்தார்கள். எஸ்தரின் அப்பா பதறிப்போய் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து குனிந்தார்.

"சார், எம் பொண்ணு இன்னா தப்பு பண்ணிச்சி? எல்லாரும் சிரிக்கிறாங்க."

"அவ பண்ணலீங்க. நான் பண்ணது அது."

"நீங்களா?" நெஞ்சில் கைவைத்து மூச்சுவிட்டார். "அப்ப பரவால்ல சார்."

எஸ்தர் தொடர்ந்தாள். "காலைல சார் மெசேஜ் பாத்து மொதல்ல பயந்துட்டேன் மேடம். அப்புறம், இவ்ளோ நாள் கூடவே இருந்த சாருக்கே இப்டி ஒரு சந்தேகம் வருதுன்னா, கேக்குறவங்க யாருக்கும் வரும்னு தோணிச்சி. அதான் வேன்ல வரும்போதே என் பழைய கணக்குங்கள எடுத்து வச்சேன்."

அடுத்தடுத்து வந்தன. அடுக்கு அடுக்காக, வரிசை வரிசையாக, எல்லா விதங்களும். ஆய்வேட்டில் இருந்த விதத்துக்குத்தான் ஆற்றல் எல்லாவற்றையும்விடக் கம்மி. சந்தேகத்துக்கு இடமே இல்லை. மேடம் ஒவ்வொரு படத்தையும் நிறுத்தச் சொல்லிப் பார்த்தார். முடிந்ததும் பேனாவால் மேசையைத் தட்டினார்.

"இவ்வளவு பண்ணிட்டு ஏன் தீசிஸ்ல வைக்கல?"

எஸ்தர் தயங்கினாள். "பக்கம் ஜாஸ்தியா இருந்திச்சி மேடம். எடுத்துட்டோம்."

எடுத்துட்டோமாம். அந்தப் பன்மையில் என்னைப் பத்திரமாக ஒளித்துவைத்தாள். நான் எழுந்து நின்றுவிட்டேன். "எடுக்கச் சொன்னது நான், மேடம்."

"நீங்க பேசக் கூடாது."

"தெரியும் மேடம்."

"எனக்கும் தெரியும். உக்காருங்க." பிறகு எஸ்தரிடம், "அந்தப் பின்னிணைப்பைத் திரும்பச் சேத்து, ஒரு பிரதி எனக்கு அனுப்பிடும்மா. வேற எதுவும் திருத்தி எழுத வேணாம். வாழ்த்துகள், டாக்டர் எஸ்தர்" என்றார்.

அவள் அம்மா சத்தமாக ஸ்தோத்திரம் சொன்னார். அதற்கப்புறம் சால்வை, பூங்கொத்து, பிரியாணி. எனக்கு இரண்டாம் முறை பரிமாறிய அவள் அப்பா, "சார், அந்தத் தப்ப நீங்க மட்டும் பண்ணலன்னா எம் பொண்ணு மாட்டினு இருக்கும்போல, மேடம் சொன்னாங்க" என்றார். அப்படிப் பெருமையாக என்னை யாரும் அதற்கு முன்னும் திட்டியதில்லை, பின்னும் திட்டியதில்லை.

எஸ்தர் இப்போது ஜெர்மனியில் இருக்கிறாள். நம் துறையில் இன்றைக்கும் ஒவ்வொரு மாணவரும் ஆய்வேடு கொடுப்பதற்கு முன் வேண்டுமென்றே பெட்டியை வெட்டி ஒரு கணக்கை ஓட்டிப் பார்க்கிறார்கள். எங்கே உடைகிறது என்று தெரிந்துகொள்ள நல்ல வழி. அதற்கு "சார் பெட்டி" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சியில் என் பெயர் நிற்கப்போவது அந்த ஒன்றில்தான் போலிருக்கிறது. நீங்களும் ஓட்டுங்கள். மடிக்கணினிக்காகப் பெட்டியை வெட்டினால் வெட்டியதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக்காகப் பின்னிணைப்பை வெட்டாதீர்கள். பதற்றம் வந்தால், கணக்கைப் போட்டவர் யாரோ அவரிடம் போய்ப் பதறுங்கள். தேர்வாளரை அருவிக்குக் கூப்பிடாதீர்கள்.

ஆனால் கூப்பிட்டால் கூப்பிட்டதுதான். சாப்பாடு முடிந்து காரில் ஏறியதும் மேடம் என் கைப்பேசியைத் துணிப்பையிலிருந்து எடுத்து நீட்டினார்.

"சாயங்காலம்தான் எனக்கு பஸ். போலாமா?"

"எங்க மேடம்?"

"காலைல அவ்வளவு ஆசையா கூப்பிட்டீங்களே, அருவி."

மறுக்க எனக்கு எந்த உரிமையும் இல்லை. கச்சிராயபாளையம் வழியாக மலை ஏறினோம். வளைவு வளைவாகப் போய், காரை நிறுத்தி, பாறைப் படிகளில் இறங்கினோம். மேடம் என்னைவிட வேகமாக இறங்கினார். கீழே போய் அண்ணாந்து பார்த்தோம்.

அப்போது கோடை. மொட்டைப் பாறை. அதன் நடுவில் தண்ணீர் விழுந்ததற்கு அடையாளமாக ஒரு கருப்புக் கோடு. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒருவர், "தண்ணி ஐப்பசிக்கு மேலதான் சார் வரும்" என்றார்.

மேடம் பாறையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இதுவும் நீங்க ஒத்த அணுவ வச்சுக் கண்டுபிடிச்ச அருவியா சார்?"